பனிமலையில் ஒரு மின்னல்

(மூன்றாமாண்டு, வரலாற்றுத் துறை)

விளையாட்டுப் போட்டிகளில் முதல்வனுக்கும் இரண்டாமவனுக்கும் இடையே உள்ள தூரம் மயிரிழைதான் என்பார்கள். பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பொறுத்தமட்டில் இது வெறும் பேச்சன்று. 1968-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ழான் குளோட் கில்லி என்ற பிரெஞ்சு வீரர் ஒரு பந்தயத்தை 0.08 விநாடியிலும், மற்றொன்றை 0.09 விநாடியிலும் வென்றார். நாம் கண்ணிமைக்க ஆகும் நேரம்கூட அதற்கு மேல் இருக்கும். 1976-இல் இன்ஸ்புருக் நகரில் ஆஸ்திரியாவின் பிரான்ஸ் கிளாமர் உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்து வந்ததை உலகமே இன்றும் பேசுகிறது. அவர் வென்றது 0.33 விநாடியில்.

இந்தக் கணக்குகளை மனத்தில் இருத்திக்கொண்டு 1956-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். இத்தாலியில் கோர்ட்டினா டாம்பெட்சோ என்னும் மலைநகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெறுகிறது. இருபது வயது ஆஸ்திரிய இளைஞர் ஒருவர் ஆடவருக்கான மூன்று மலைச்சறுக்குப் பந்தயங்களிலும் கலந்துகொள்கிறார். முதல் பந்தயத்தில் 6.2 விநாடி வித்தியாசத்தில் வெற்றி. இரண்டாவதில் 4.0 விநாடி. மூன்றாவதில் 3.5 விநாடி. மூன்று தங்கப் பதக்கங்கள்! அதற்கு முன் எவரும் செய்யாத செயல் அது. அவர் பெயர் டோனி சைலர்.

இத்தகைய வீரர் எத்தனை ஆண்டுகள் பந்தயக் களத்தில் இருந்திருப்பார் என்று எண்ணுகிறீர்கள்? பத்து ஆண்டுகள்? பன்னிரண்டு ஆண்டுகள்? அவர் 1959-இல் களத்தை விட்டு விலகிவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. கால் முறிந்ததாலோ திறமை குன்றியதாலோ அவர் விலகவில்லை. வேறொரு காரணம் இருந்தது. விளையாட்டுப் பக்கங்களில் அவருடைய பதக்கக் கணக்கு தவறாமல் இடம்பெறுகிறது. அந்தக் காரணம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. வரலாறு பயிலும் எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் பட்டது. அதை விளக்கவே இக்கட்டுரை.

மூன்று பந்தயங்கள்

நம்மில் பெரும்பாலோர் பனி படர்ந்த மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆகவே முதலில் பந்தயங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

முதலாவது டவுன்ஹில், அதாவது மலைச்சரிவுப் பந்தயம். உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் இறங்க வேண்டும். தடத்தில் திருப்பங்கள் குறைவு, வேகம்தான் எல்லாம். மேடு வந்தால் வீரர் அந்தரத்தில் பறப்பார். கீழே பனி இறுகிக் கண்ணாடிபோல் கிடந்தால் கால் நிற்காது. துணிச்சலும் உடல் வலுவும் உள்ளவருக்கு உரியது இது.

இரண்டாவது ஸ்லாலம். இது முற்றிலும் வேறு சங்கதி. சரிவில் கழிகளை இரண்டிரண்டாக நட்டு வாயில்கள் அமைத்திருப்பார்கள். அவை நெருக்கமாகவும் வளைந்து நெளிந்தும் இருக்கும். ஒவ்வொரு வாயிலின் ஊடாகவும் புகுந்து வர வேண்டும். ஒன்று தப்பினாலும் ஆட்டம் போயிற்று. இரண்டு தடங்களில் இருமுறை இறங்கி, இரு நேரங்களையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். இங்கே வேகத்தைவிட இடுப்பின் வளைவும் காலின் நயமும் கண்ணின் கூர்மையும் தேவை.

மூன்றாவது பெரிய ஸ்லாலம். முன்னிரண்டுக்கும் நடுவில் நிற்பது. வாயில்கள் உண்டு, ஆனால் அகலமாக விலகி நிற்கும், வேகமும் உண்டு. இன்று இதையும் இருமுறை ஓட வேண்டும். 1956-இல் ஒரே ஓட்டம்தான்.

மலைச்சரிவில் வல்லவர் ஸ்லாலத்தில் தடுமாறுவதும், ஸ்லாலத்தில் வல்லவர் மலைச்சரிவுக்கு அஞ்சுவதும் இயல்பு. குண்டு எறிபவரே தடை ஓட்டத்திலும் முதலாவதாக வந்தால் எப்படி இருக்கும்? மூன்றையும் ஒருவரே வெல்வது ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான்.

அக்காலத்துக் கருவிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். சறுக்குக் கட்டைகள் மரத்தால் ஆனவை; ஓரங்களில் மட்டும் எஃகுப் பட்டை பதித்திருக்கும். காலணி தோல் காலணி. இன்றைய வீரர்கள் அணியும் கெட்டியான பிளாஸ்டிக் காலணி அன்று கிடையாது. காலணியைக் கட்டையோடு இறுக்கிப் பிணைக்க நீண்ட தோல்வாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். விழுந்தால் தானாகக் கழன்று காலைக் காக்கும் பிணைப்புகள் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன. வாரைக் கட்டிக்கொண்டு விழுந்தவரின் கால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தோல்வார் பின்னால் ஒரு கதையில் வரும்.

தகர வேலைக்காரர் மகன்

டோனி சைலர் 1935-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் கிட்ஸ்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கட்டடங்களுக்குத் தகர வேலை செய்பவர். மகனும் தகர வேலையும் கண்ணாடி பொருத்தும் வேலையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தவர். இதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். இவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர்; கையால் வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தில் வந்தவர்.

ஊர் மட்டும் சாதாரண ஊர் அன்று. 1893-இல் பிரான்ஸ் ரைஷ் என்பவர் நார்வேயிலிருந்து சறுக்குக் கட்டைகளை வரவழைத்து, ஊரருகே உள்ள கிட்ஸ்பூல் ஹோர்ன் என்ற மலையிலிருந்து இறங்கிக் காட்டினார். பின்னாளில் அவர் அவ்வூரின் நகரத் தலைவரும் ஆனார். 1931 முதல் அங்கே ஹானன்காம் என்ற மலையில் பந்தயம் நடந்துவருகிறது. அந்த மலைச்சரிவுத் தடத்துக்கு ‘ஷ்ட்ரைஃப்’ என்று பெயர். உலகிலேயே அச்சம் தரும் தடம் எதுவென்று பந்தயக்காரர்களைக் கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

ஒரே காலத்தில் அச்சிற்றூரிலிருந்து ஆறு பெரும் வீரர்கள் கிளம்பினார்கள். சைலர், ஆண்டர்ல் மோல்ட்டரர், கிறிஸ்டியன் பிராவ்டா, எர்ன்ஸ்ட் ஹின்டர்சேர், ஹியாஸ் லைட்னர், ஃபிரிட்ஸ் ஹூபர் ஆகியோர் அவர்கள். ‘அதிசய அணி’ என்று மக்கள் இவர்களை அழைத்தார்கள். இந்த ஆறு பேருக்கும் எதிரிகள் வெளியூரில் இருந்ததைவிட உள்ளூரில்தான் அதிகம் இருந்திருப்பார்கள் போலும்! நாள்தோறும் உலகத் தரமான போட்டி வீட்டு வாசலிலேயே கிடைத்தால் திறமை வளர்வதில் வியப்பென்ன?

நாட்டின் நிலையையும் சற்று நோக்க வேண்டும். 1938-இல் இட்லரின் செர்மனியோடு இணைக்கப்பட்ட ஆஸ்திரியா, போர் முடிந்தபின் 1945 முதல் நான்கு வல்லரசுகளின் படைகளின் கீழ் இருந்தது. டிரோல் பிரெஞ்சுப் படையின் பகுதி. 1955 மே 15-இல் வியன்னாவில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அவ்வாண்டு அக்டோபரில்தான் அந்நியப் படைகள் முற்றிலும் வெளியேறின. கோர்ட்டினா ஒலிம்பிக் தொடங்கியதோ 1956 சனவரி 26-இல். மூன்று மாதமே ஆன விடுதலையோடு எழுபது லட்சம் பேர் கொண்ட ஒரு சிறு நாடு அங்கே போய் நின்றது. இன்னொரு செய்தி: அந்தக் கோர்ட்டினா நகரமே முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது, அதன்பிறகே இத்தாலிக்குச் சென்றது. சைலரின் வெற்றியை ஆஸ்திரிய மக்கள் ஏன் அத்தனை பெரிதாகக் கொண்டாடினார்கள் என்பதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

கோர்ட்டினாவில் ஆறு நாட்கள்

சனவரி 29. பெரிய ஸ்லாலம். மோல்ட்டரர் முன்னதாகவே இறங்கி 3 நிமிடம் 6.3 விநாடியில் வந்து சேர்ந்தார். மிக நல்ல நேரம். சூழ்ந்திருந்தவர்கள் அவருக்கு வாழ்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவரோ, டோனி இன்னும் வரவில்லையே என்று சொல்லித் தடுத்துவிட்டதாகக் கூறுவார்கள். ஊர்க்காரனை ஊர்க்காரன் அறிவான் அன்றோ! சிறிது நேரத்தில் சைலர் வந்தார். 3 நிமிடம் 0.1 விநாடி. அவர் சென்ற வேகத்தை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், 6.2 விநாடி என்பது தடத்தில் ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் தூரம். இரண்டாம் இடம் மோல்ட்டரர், மூன்றாம் இடம் வால்ட்டர் ஷூஸ்டர். மூவரும் ஆஸ்திரியர்கள்.

சனவரி 31. ஸ்லாலம். இங்கும் சைலரே முதல்வர். ஆயினும் இப்பந்தயத்தில் நம் கவனத்துக்கு உரிய மற்றொருவர் இருக்கிறார். 4 விநாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தவர் சப்பான் நாட்டின் சிஹரு இகாயா. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆசியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அதுவே. ஐரோப்பியரின் தனிச் சொத்தாக இருந்த ஆட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்து வெள்ளி வாங்கினார் என்பது, கல்லூரி மலரில் எழுதும் எனக்குச் சைலரின் தங்கத்துக்குச் சற்றும் குறைந்ததாகத் தோன்றவில்லை. இகாயா பின்னாளில் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் துணைத் தலைவராகவும் உயர்ந்தார்.

பிப்ரவரி 3. மலைச்சரிவு. டோஃபானா மலையில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளத் தடம். அன்று காற்று கடுமையாக வீசிற்று; பனி இறுகிக் கிடந்தது. பலர் விழுந்து ஓட்டத்தை முடிக்கவே இயலாமல் போயினர். சைலரின் முறை நெருங்கிய வேளை. கடைசியாக ஒருமுறை இறுக்கிக் கட்டுவோம் என்று தோல்வாரை இழுத்தார். வார் அறுந்துவிட்டது!

மாற்று வார் கையில் இல்லை. அணியினர் யாரிடமும் இல்லை. தோல்வார் இல்லாமல் அந்தத் தடத்தில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பு. மூன்றாவது தங்கம் ஒரு முழத் தோலில் தொங்கியது. அந்த நேரத்தில் அருகே வந்தவர் ஹான்ஸ் ஸெங்கர். அவர் பிறப்பால் ஆஸ்திரியர், ஆனால் அன்று இத்தாலிய அணியின் பயிற்சியாளர், அதாவது எதிரணியைச் சேர்ந்தவர். நிலைமையைக் கண்டதும் தம் கால் கட்டையிலிருந்த வாரைக் கழற்றிச் சைலருக்குக் கொடுத்தார். சைலர் கட்டிக்கொண்டு புறப்பட்டார். நடுவில் ஓரிடத்தில் தடுமாறிச் சமாளித்துக்கொண்டு 2 நிமிடம் 52.2 விநாடியில் அடிவாரம் அடைந்தார். மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகம்! சுவிட்சர்லாந்தின் ரேமோன் ஃபெலே இரண்டாவது, மோல்ட்டரர் மூன்றாவது.

பதக்கப் பட்டியலில் ஸெங்கரின் பெயர் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. ஆனால் சைலரின் கதையைச் சொல்பவர் எவரும் அவரை விட்டுவிட்டுச் சொல்வதில்லை என்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

அந்த ஒலிம்பிக்தான் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்ட முதல் குளிர்கால ஒலிம்பிக். ஆகவே அந்த இளைஞரின் முகம் ஒரே வாரத்தில் ஐரோப்பா முழுதும் தெரிந்த முகமாயிற்று. உயரம், கறுத்த முடி, களையான முகம். ‘கிட்ஸ்பூலின் மின்னல்’ என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. செர்மன் மொழியில் மின்னலுக்குரிய சொல்லும் ஊர்ப் பெயரின் சுருக்கமும் எதுகையாக அமைவதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

வெற்றிகள் தொடர்ந்தன. 1956, 1957 ஆகிய ஈராண்டுகளிலும் சொந்த ஊரின் ஷ்ட்ரைஃப் தடத்தில் மலைச்சரிவை வென்றார். சுவிட்சர்லாந்தின் லாபர்ஹோர்ன் மலைச்சரிவில் 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடம். 1958-இல் பாட் காஸ்டைன் நகரில் நடந்த உலகப் போட்டியில் மலைச்சரிவு, பெரிய ஸ்லாலம், கூட்டுப் புள்ளி ஆகிய மூன்றிலும் தங்கம். ஸ்லாலத்தில் மட்டும் சக ஆஸ்திரியர் யோசல் ரீடருக்கு அடுத்து வெள்ளி. ஒலிம்பிக் வெற்றிகளே அக்காலத்தில் உலகப் போட்டி வெற்றிகளாகவும் கணக்கிடப்பட்டதால், மொத்தம் ஏழு உலகப் பட்டங்கள் அவருக்கு உரியவை.

விலகச் செய்த விதி

இனித்தான் நான் சொல்லவந்த செய்தி.

முகம் பிரபலமானதும் திரைப்பட முதலாளிகள் தேடி வந்தார்கள். 1957-இல் சைலர் முதல் படத்தில் நடித்தார். 1958-இல் ‘கறுப்பு மின்னல்’ என்று பொருள்படும் பெயருடைய படம் வந்தது. ஒலிம்பிக் விதியோ, போட்டியாளர் ‘அமெச்சூர்’ ஆக இருக்க வேண்டும் என்றது. விளையாட்டால் பணம் ஈட்டியவர், விளையாட்டில் பெற்ற புகழை விலைபேசியவர், எவரும் ஒலிம்பிக்கில் கால் வைக்கக் கூடாது. படத்தில் நடித்தது நடிப்புக்கான கூலியா, சறுக்குக்கான கூலியா? இந்த வழக்கு வளர்ந்தது. 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கில் இடமில்லை என்று ஆகும் நிலை வந்தது. சைலர் 1959-இல் விலகினார். ஸ்குவா வேலியில் ஸ்லாலம் தங்கத்தை அதே கிட்ஸ்பூலின் ஹின்டர்சேரும், வெள்ளியை லைட்னரும் வாங்கினார்கள். சைலர் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்விக்கு விடை சொல்ல யாராலும் ஆகாது.

இந்த ‘அமெச்சூர்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலிருந்து. அங்கே ஹென்லி என்ற ஊரில் புகழ்பெற்ற படகுப் பந்தயம் உண்டு. 1879-இல் அதன் நிர்வாகிகள் அமெச்சூர் யார் என்று வரையறுத்தார்கள். பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டவர் அமெச்சூர் அல்லர் என்றது ஒரு பகுதி. அதை ஏற்கலாம். மற்றொரு பகுதி என்ன தெரியுமா? இயந்திரத் தொழிலாளியாகவோ கைவினைஞராகவோ கூலியாளாகவோ இருப்பவரும் அமெச்சூர் அல்லர்! பணம் வாங்கினாரா என்ற கேள்வியே இல்லை. கையால் வேலை செய்கிறவர் என்றாலே போதும், கனவான்களோடு துடுப்புப் போட அருகதையில்லை. அந்த விதிப்படி தகர வேலை கற்ற டோனி சைலர் பனியைத் தொடும் முன்பே வெளியேற்றப்பட்டிருப்பார்.

ஒலிம்பிக் குழு இந்த இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் பகுதியின் மணத்தில் இரண்டாவதின் வாடை இருந்துகொண்டேதான் இருந்தது என்பது என் கருத்து. ஒலிம்பிக்கில் மலைச்சறுக்கு முதன்முதலாக இடம்பெற்ற 1936-ஆம் ஆண்டிலேயே இதைப் பார்க்கலாம். செர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த அந்தப் போட்டியில், பனிச்சறுக்கு ஆசிரியர்கள் தொழில்முறையினர் என்று தள்ளிவைக்கப்பட்டார்கள். மலையூர்களில் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் குளிர்காலத்தில் வேறென்ன வேலை செய்வார்? சுற்றுலா வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துத்தான் பிழைப்பார். ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் சினம் கொண்டு தம் ஆடவர் அணிகளை அனுப்பவில்லை. கற்றுக்கொள்ளும் செல்வர் போட்டியிடலாம். கற்றுக்கொடுக்கும் ஏழை போட்டியிடக் கூடாது. என்ன நியாயம் இது!

சைலரின் காலத்தில் ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1952 முதல் 1972 வரை இருபது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். சிகாகோ நகரில் கட்டட ஒப்பந்தத் தொழிலில் கோடீசுவரர் ஆனவர். அமெச்சூர் விதியை வேதம்போல் போற்றியவர். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கடைக்காரர்களும் கம்பெனிகளும் விளையாட்டுக்குள் புகுந்தால் ஆட்டம் விளம்பரப் பலகையாகிவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் பொய்க்கவில்லை. இன்றைய வீரரின் தலைக்கவசம் முதல் கால் கட்டை வரை கம்பெனிப் பெயர்கள்தான். ஆனால் குளிர்காலம் முழுதும் வேலைக்குப் போகாமல் மலையில் பயிற்சி செய்யும் ஒருவர் சோற்றுக்கு என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குப் பிரண்டேஜிடம் விடை இல்லை. செல்வர் மகனுக்கு அப்பன் வீட்டுச் சோறு. சோவியத் நாட்டு வீரருக்குப் படையில் பெயரளவுக்கு ஒரு பதவி. அமெரிக்க மாணவருக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை. இவர்கள் எல்லாரும் அமெச்சூர்கள்! தகர வேலைக்காரர் மகன் ஒரு படத்தில் நடித்தால் மட்டும் களங்கம் வந்துவிட்டது.

ஷ்ரான்ட்ஸ் கண்ட அநீதி

சைலர் சத்தமின்றி விலகிப் போனார். பதின்மூன்று ஆண்டு கழித்து மற்றொரு ஆஸ்திரியருக்கு அதே விதி அடி கொடுத்தபோது நாடே கொதித்தது. அவர் கார்ல் ஷ்ரான்ட்ஸ். டிரோலின் சாங்க்ட் அன்டோன் ஊரில் 1938-இல் பிறந்தவர். 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்றவர். அவரிடம் இல்லாதது ஒலிம்பிக் தங்கம் ஒன்றுதான். அதற்காகவே முப்பத்து மூன்று வயதில் 1972-இல் சப்பானின் சப்போரோ நகருக்குப் போனார்.

அன்று முன்னணிச் சறுக்கு வீரர்கள் பலரும் கட்டை உற்பத்தியாளர்களிடம் ஏதோ ஒரு வகையில் பணம் பெற்றுவந்தது ஊரறிந்த இரகசியம். பிரண்டேஜ் அத்தனை பேரையும் நீக்க விரும்பினார். நீக்கினால் பந்தயமே நடக்காது. ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கால்பந்தாட்டத்தின்போது காப்பித்தூள் விளம்பரம் பொறித்த சட்டையோடு ஷ்ரான்ட்ஸ் நின்ற படம் சான்றாகக் காட்டப்பட்டது. 28-க்கு 14 என்ற வாக்கில் அவர் நீக்கப்பட்டார். தம் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. ஆஸ்திரிய அணி முழுவதுமே வெளியேறத் தயாராயிற்று. இருந்து ஆடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர் ஷ்ரான்ட்ஸ்தான்.

பிப்ரவரி 8-ஆம் நாள் அவர் வியன்னா திரும்பியபோது வழியெங்கும் பல்லாயிரக்கணக்கான மக்கள். நாட்டின் தலைமை அமைச்சர் புரூனோ கிரைஸ்கி தம் அலுவலக மாடத்தில் அவரோடு நின்று மக்களுக்குக் காட்சி தந்தார். ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பிய வீரருக்கு இவ்வளவு பெரிய வரவேற்பு! அந்தக் கூட்டத்தின் ஆவேசத்தில் அச்சமூட்டும் ஒரு சாயல் இருந்ததென்று பின்னாளில் சிலர் எழுதினார்கள். அதே வியன்னாவில் 1938-இல் கூடிய கூட்டங்கள் அவர்களுக்கு நினைவு வந்தன. அதையும் ஒதுக்கிவிட முடியாது.

பிரண்டேஜ் அவ்வாண்டே ஓய்வு பெற்றார். 1974-இல் ஒலிம்பிக் குழு கூடியது. கூடிய இடம் வியன்னா. அங்கே 26-ஆம் விதி தளர்த்தப்பட்டது. பயிற்சியால் இழந்த ஊதியத்தை ஈடுகட்டப் பணம் பெறலாம் என்றாயிற்று. 1986-இல் தொழில்முறை வீரரை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த விளையாட்டுச் சம்மேளனத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். ஹென்லிக் கனவான்கள் நட்ட மரம் அப்படியாக விழுந்தது. 1985-இல் அதே ஒலிம்பிக் குழு சைலருக்கு ‘ஒலிம்பிக் ஆர்டர்’ என்ற உயரிய விருதை வழங்கியிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

களத்துக்கு வெளியே

விலகியபின் சைலர் நடிப்பைத் தொடர்ந்தார், இசைத்தட்டுகளுக்குப் பாடினார். சப்பானிலும் ஒரு படம் எடுத்தார்கள். அங்கே அவருக்கு இருந்த செல்வாக்கு ஆஸ்திரியாவில் இருந்ததற்குக் குறைந்ததன்று. நடிகராக அவர் பெரிய உயரம் எதையும் தொட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மக்கள் பார்க்கச் சென்றது சறுக்கும் காட்சிகளைத்தான்.

1972 முதல் 1976 வரை ஆஸ்திரிய அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட கிளாமரின் 1976 வெற்றி அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் வந்தது. கிட்ஸ்பூலில் குழந்தைகளுக்குச் சறுக்குப் பயிற்சி தரும் பள்ளியை நீண்ட காலம் கவனித்து வந்தார். 1999-இல் ‘நூற்றாண்டின் விளையாட்டு வீரர்’ என்று ஆஸ்திரியா அவரைத் தேர்ந்தெடுத்தது.

புகழை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறைப்பது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. 1974-இல் போலந்தின் சக்கோபானே நகரில் ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் கைது செய்யப்பட்டார். அவர் அதை மறுத்தார். வழக்கு தண்டனையில் முடியாமல் கைவிடப்பட்டது. ஆஸ்திரிய அரசு அவருக்காகத் தூதரக வழியில் முயன்றதைக் காட்டும் ஆவணங்களை 2018-இல், அவர் மறைந்து பல ஆண்டு கழித்து, அந்நாட்டுச் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். நீதிமன்றம் தீர்க்காததை நாம் தீர்க்க இயலாது. ஆனால் ஒரு நாடு தன் வீரனைக் காக்க ஓடிய வேகத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தைக் கேட்க ஒருவரும் ஓடவில்லை என்பது அவ்வாவணங்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது.

சைலர் 2009 ஆகஸ்டு 24-ஆம் நாள் இன்ஸ்புருக்கில் புற்றுநோயால் காலமானார். வயது எழுபத்து மூன்று.

1986 முதல் 2006 வரை இருபது ஆண்டுகள் ஹானன்காம் பந்தயத்தின் இயக்குநராக இருந்தவரும் அவரே. தாம் சறுக்கி வென்ற ஷ்ட்ரைஃப் தடத்தை ஒவ்வொரு சனவரியிலும் ஆயத்தம் செய்து, வானிலை பார்த்து, ஓடலாமா கூடாதா என்று முடிவு செய்பவர்களுள் முதன்மையானவர். 1956-இல் அவர் அங்கே வென்றபோது பணம் வாங்கியிருந்தால் ஒலிம்பிக்கின் கதவு அன்றே அடைபட்டிருக்கும். இன்று அதே தடத்தில் மலைச்சரிவை வெல்பவருக்குப் பரிசுத்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம் யூரோ; வென்றவர் அடுத்த ஒலிம்பிக்குக்கும் தடையின்றிப் போகிறார். மலையேறும் கேபிள் வண்டியின் பெட்டிகளில் வென்றவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டியில் சைலரின் பெயரும் உண்டு.